வேடிக்கை பார்க்கிறவர்கள்

ஆகாய விமானம் ஏறிப் போவதற்கென்று ஏற்பட்டது. ஆனால் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்கு இடையே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தால் ஊருக்குள் போய்க் கடைத்தெருவையும் கோயிலையும் பார்த்து வருவதுதான் வழக்கம். இவர்கள் அப்படிச் செய்வதில்லை. விமான நிலையத்தை ஒட்டினாற்போலிருக்கும் ஹோட்டலில், அதுவும் ஓடுதளத்தைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்கி, ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏறுவதையும் இறங்குவதையும் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த நாள் தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் பரம திருப்தியோடு, தங்கள் விமானத்தில் ஏறுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தைச் சுற்றி இப்போது எழுத்தும் வளர்ந்துவிட்டது. பழக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. எழுத்தைப் பற்றிச் சொல்லலாம். அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன்.

ஏலமலையின் அடிவாரத்தில், போடிநாயக்கனூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேச உனக்கு என்ன யோக்யதை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் விமானம் இறங்குவதில்லை. விமானம் ஏற வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். ரயிலுக்கே பெரிய சரித்திரம் உண்டு. 1928இல் வந்தது, இரண்டாவது உலக யுத்தத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள், அகலப் பாதையாக்குவதற்கென்று 2010 முடிவில் நிறுத்தினார்கள், 2023 ஜூனில்தான் மீண்டும் போடி வரை வண்டி வந்தது. காத்திருப்பது என்றால் என்ன, நமக்குச் சொந்தமில்லாத ஒன்று போவதையும் வருவதையும் நின்று பார்ப்பது என்றால் என்ன என்பது எங்களுக்கு ஓரளவு தெரியும் என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்த ஹோட்டல் சமாசாரத்தைப் பற்றி உள்ளூர் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஏறிப் போறதுக்குத்தானே தம்பி பிளேனு? பாக்குறதுக்கு எதுக்கு ரூமு?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று. ஆனால் இதே மனிதர்தான், ரயில் திரும்பி வந்த அன்று பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றார். அன்று அவர் எங்கும் போகவில்லை; யாரும் அவரைத் தேடி வரவுமில்லை. வண்டி வந்தது, நின்றது, புறப்பட்டது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஆகவே வேடிக்கை பார்க்கும் ஆசை பணக்காரத் தேசங்களில் மட்டும் விளைகிற பயிரில்லை. நம்மிடம் அதற்குக் கட்டணம் கிடையாது, அவ்வளவுதான். 'வேடிக்கை பார்க்கிறான்' என்று ஒருவனைச் சொன்னால் அவன் உருப்படாதவன் என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். அது அந்த வார்த்தைக்கு நாம் செய்த அநியாயம். கதை எழுதுகிறவனுடைய தொழிலில் பாதி அதுதான்.

மேல்நாட்டில் இந்த ஆசைக்கு ஒரு மாளிகையே எழுப்பியிருக்கிறார்கள். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஈரோ ஸாரினென் என்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்ட டி. டபிள்யூ. ஏ. நிலையம் 1962இல் திறக்கப்பட்டது. பறவை சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் கட்டடம். அது முடிந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். 2001இல் நிலையம் மூடப்பட்டது. 2019 மே மாதத்தில் அதையே 512 அறைகள் கொண்ட ஹோட்டலின் வாசல் மண்டபமாக்கித் திறந்தார்கள். மாடியில் ஒரு நீச்சல் குளம். கழுத்தளவு நீரில் நின்றபடி ஓடுதளத்தைப் பார்க்கலாம். வெளியே ஒரு பழைய கான்ஸ்டலேஷன் விமானத்தை நிறுத்தி மதுக்கூடமாக்கியிருக்கிறார்கள். 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா இண்டர்நேஷனல் முதன்முதலாக அனுப்பிய விமானமும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே. டோக்கியோவின் ஹனேடாவிலும், சிங்கப்பூரின் சாங்கியிலும் ஓடுதளம் தெரியும் அறை என்று தனியாகவே கேட்டு வாங்க முடிகிறது. நம் சென்னையில் இந்த வசதியைப் பரங்கிமலை இலவசமாகவே தருகிறது. உச்சியில், மாதா கோயிலருகே நின்றால் மீனம்பாக்கம் முழுவதும் விரித்த பாய் போலத் தெரியும்.

அப்படிப்பட்ட அறை ஒன்றில் நானும் ஓரிரவு தங்கியிருக்கிறேன். அதில் என்னைக் கட்டிப்போட்டது விமானங்களின் வேகமோ பருமனோ அல்ல, மௌனம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு ஓசையை அடியோடு நிறுத்தியிருந்தார்கள். நானூறு பேரைச் சுமந்த இயந்திரம் ஓடி, மூக்கைத் தூக்கி, எழும்பிப் போவது, தொட்டியில் மீன் திரும்புவது போல இருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு சுகம். அந்தச் சுகத்தில்தான் எழுத்தாளனுக்கு ஆபத்து இருக்கிறது என்று அப்போதே தோன்றிற்று. ஓசை கேட்காத இடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம், ஆலன் டி பாட்டன் 2009இல் வெளியிட்ட 'விமான நிலையத்தில் ஒரு வாரம்' என்ற ஆங்கிலப் புத்தகம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் சொந்தக்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். எழுத்தாளர் ஒருவரை அழைத்து, நிலையத்தோடு ஒட்டிய ஹோட்டலில் ஒரு வாரம் தங்க வைத்து, ஐந்தாம் முனையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் அவருக்கு ஒரு மேஜையும் போட்டுக் கொடுத்தார்கள். கண்டதை எழுதலாம், நாங்கள் குறுக்கிட மாட்டோம் என்றும் சொன்னார்கள். அவர் எழுதினார். அணுகுதல், புறப்பாடு, உட்பகுதி, வருகை என்று நான்கு பாகங்கள். ரிச்சர்ட் பேக்கர் எடுத்த படங்கள் கூடவே. சின்னப் புத்தகம். ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.

படிக்கச் சுவையான புத்தகம்தான். அதை மறைக்கக் கூடாது. பிரியும் காதலர்கள், காலணி துடைப்பவர், விமானத்துக்குச் சாப்பாடு தயாரிக்கும் கூடம், வருகை வாசலில் பெயர்ப் பலகை பிடித்து நிற்கும் டிரைவர்கள் என்று அவர் கண்ணுக்குத் தப்பியது குறைவு. ஒவ்வொன்றைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சிந்தனை எழுகிறது. சிந்தனை அழகான வாக்கியமாகிறது. எனக்குக் குறையாகத் தெரிவதும் அதுதான். பார்த்ததற்கும் எண்ணியதற்கும் இடையே அவர் கொஞ்சமும் காத்திருப்பதில்லை. அழுகிற பெண்ணைக் காண்கிறார். பிரிவைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் பிறந்துவிடுகிறது. அந்தப் பெண் எங்கே போனாள் என்ற விசாரம் நமக்குத்தான் மிஞ்சுகிறது, அவருக்கு இல்லை. ஒரு வாரம் முழுதும் ஆயிரக்கணக்கான மனிதர்கள் நடுவே இருந்தவருக்கு, அவர்களில் யாரிடமும் எந்தப் பாத்தியதையும் ஏற்படவில்லை. நிலையத்தின் சொந்தக்காரர்கள் அவர் எழுத்தில் குறுக்கிடாமல் இருந்தது பெரிதில்லை. குறுக்கிடும்படி அவர் ஒன்றும் எழுதிவிடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வேடிக்கை பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுவதற்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவன் அந்த விமானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை; அவன் உறவினர் யாரும் அதில் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. ஆனால் அது பத்திரமாக இறங்காவிட்டால் அவனுக்குள் ஏதாவது ஒன்று கெட வேண்டும். இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் எது பொன், எது பித்தளை என்று தெரிந்துவிடுகிறது.

பொன்னுக்கு உதாரணம் சொல்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் செயிந்த் எக்சுபெரி 1931இல் வெளியிட்ட 'இரவுப் பிரயாணம்' என்ற சிறு நாவல். அவரே தபால் விமானி; தென் அமெரிக்காவில் அந்த வேலையைப் பார்த்தவர். கதையில் பியூனஸ் அயர்ஸ் விமான நிலையத்தில் ரிவியேர் என்ற அதிகாரி இரவு முழுவதும் காத்திருக்கிறார். படகோனியா, சிலி, பராகுவே என்று மூன்று திசைகளிலிருந்து மூன்று தபால் விமானங்கள் வந்தாக வேண்டும். வந்ததும் ஐரோப்பாவுக்குத் தபால் கிளம்ப வேண்டும். இரண்டு வந்துவிடுகின்றன. படகோனியாவிலிருந்து ஃபாபியன் ஓட்டி வந்தது புயலில் மாட்டிக்கொள்கிறது. ஃபாபியனின் மனைவி ஆபீசுக்கு வந்து நிற்கிறாள். ரிவியேரிடம் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் அவளுக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை. கடைசியில், மூன்றாவது விமானம் வரவே வராது என்று தெரிந்த பிறகும், ஐரோப்பாத் தபாலைக் கிளம்பச் சொல்கிறார்.

ரிவியேரும் வேடிக்கை பார்ப்பவர்தான். தரையில் நின்று வானத்தைப் பார்ப்பதைத் தவிர அன்றிரவு அவரால் செய்யக்கூடியது வேறு ஏதுமில்லை. ஆனால் அந்தப் பார்வையில் எத்தனை பாரம்! அவர் செய்தது சரியா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கல்நெஞ்சுக்காரர் என்று ஒரு சமயம் தோன்றும். வேறு வழியில்லை என்று இன்னொரு சமயம் தோன்றும். நாவலாசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனால்தான் தொண்ணூறு வருஷங்கள் கழித்தும் அந்தக் கேள்வி உயிரோடிருக்கிறது. டி பாட்டனின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விடை இருக்கிறது. எக்சுபெரியின் புத்தகம் முழுவதற்கும் ஒரே ஒரு கேள்விதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆர்தர் ஹெய்லி 1968இல் எழுதிய 'ஏர்போர்ட்' நம் ஊர் வாசகசாலைகளிலெல்லாம் அட்டை கிழியும் வரை படிக்கப்பட்ட நாவல். பனிப்புயல் அடிக்கும் ஓரிரவு, அமெரிக்க விமான நிலையம் ஒன்று, அதற்குள் இருபது விவகாரங்கள். இலக்கியம் என்று அதைத் தூக்கி வைக்க மாட்டேன். பாத்திரங்கள் எல்லோரும் மேனேஜரின் மேஜை மீது இருக்கும் காகிதங்கள் போல அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். ஆனால் மேதாவிகள் மறந்த ஒரு விஷயத்தை அந்த வியாபார நாவலாசிரியர் மறக்கவில்லை. ஓடுதளத்துக்கு அப்பால் குடியிருப்பவர்கள், ஓசை பொறுக்க முடியாமல், அதே இரவில் ஊர்வலமாக விமான நிலையத்துக்கு வருகிறார்கள். அவர்களும் தினந்தோறும் விமானம் பார்ப்பவர்கள். அறை எடுத்துப் பார்ப்பவர்கள் இல்லை. இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களுக்கு அங்கே ஒரு அத்தியாயமாவது கிடைத்தது.

தமிழுக்கு வருவோம். நம் கதைகளுக்கு ரயில்வே ஸ்டேஷன் நன்றாகப் பழகிவிட்டது. பிளாட்பாரத்தில் பிரிந்த காதலர்களையும், தவறிய வண்டிகளையும், ஸ்டேஷன் மாஸ்டர்களையும் சேர்த்தால் ஒரு தனி ஊரே ஆகும். விமான நிலையம் மட்டும் நம் கதைகளில் ஒரு முற்றுப்புள்ளியாகவே இருந்து வந்திருக்கிறது. கதாநாயகன் மேல்படிப்புக்குப் போவான், கையசைப்பான், அத்தியாயம் முடியும். அல்லது சினிமாவில் கறுப்புக் கண்ணாடியோடு படியில் இறங்குவான், பாட்டு ஆரம்பமாகும். விமானத்துக்கும் காத்திருப்புக்கும் சம்பந்தம் இல்லாதது போலவே எழுதினோம்.

இதில் சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' ஒரு தனி ரகம். 1963இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது தமிழ்நாடே சிரித்தது. சாஸ்திரிகளையும் சமையல்காரர்களையும் அப்பளத்தையும் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறார். அன்று பெரும்பாலான வாசகர்களுக்கு விமானம் வானத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தையே நுழைத்துக் காட்டியதில்தான் சாவியின் சாமர்த்தியம் இருந்தது. அந்த நகைச்சுவைக்கு விமானம் உடனே கிடைக்க வேண்டும், உடனே இறங்க வேண்டும், பணம் எங்கிருந்தாவது வந்துகொண்டேயிருக்க வேண்டும். டிக்கெட்டின் விலையை யாராவது கேட்டுவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். விலையைக் கேட்காமல் பார்த்துக்கொண்டது ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வகைக்கு அதுதான் இலக்கணம்.

விலையைக் கேட்ட படைப்பு ஒன்று வருவதற்கு நாம் 2020 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நாவலாக வரவில்லை, சினிமாவாக வந்தது. சுதா கொங்கரா எடுத்த 'சூரரைப் போற்று'. ஏர் டெக்கான் விமானக் கம்பெனியை நடத்திய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. கதாநாயகனை மட்டும் மதுரைக்குப் பக்கத்திலுள்ள சோழவந்தான்காரனாக்கிவிட்டார்கள். தேசிய விருதுகள் கிடைத்த படம். அதில் நீளமான பிரசங்கங்கள் இருக்கின்றன. வில்லன் வில்லனாகவே பிறந்தவன் போலிருக்கிறான். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கட்டத்துக்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வருகிறது. மகன் விமான நிலையத்துக்கு ஓடுகிறான். உயர்ந்த வகுப்பில்தான் இடம் இருக்கிறது. கையிலுள்ள பணம் போதவில்லை. நிற்கிறவர்களிடமெல்லாம், சீருடை போட்ட அந்த மனிதன், கையை நீட்டிப் பணம் கேட்கிறான். கிடைத்தது போதவில்லை. கடைசியில் ஊர் போய்ச் சேரும்போது காரியம் முடிந்துவிடுகிறது. அந்தக் கூடத்தைக் கவனியுங்கள். அதே பளபளப்பான தரை, அதே கண்ணாடி, அதற்கு அப்பால் அதே விமானங்கள். டி பாட்டனின் மேஜையை அங்கே ஓர் ஓரத்தில் கொண்டுவந்து போட்டாலும் பொருந்தும். அவர் பார்த்திருப்பார், எழுதியும் இருப்பார். மனித அவமானத்தைப் பற்றி ஓர் அருமையான வாக்கியம் நமக்குக் கிடைத்திருக்கும். படமோ அந்த மனிதனை விட்டு நகரவே மாட்டேனென்கிறது. விமானத்தைப் பார்ப்பதற்கும் விமானம் கிடைக்காமல் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைத் தமிழில் யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. படத்தின் முடிவில் கிராமத்துக் கிழவர்கள் முதல் தடவையாக விமானம் ஏறும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதென்றால், அந்தக் கூடத்தில் நீட்டிய கைதான் காரணம்.

இனி என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஷயத்துக்கு அது அவசியம்.

போடியிலிருந்து வடமேற்கே கோட்டகுடி. அதற்கு மேலே மலையுச்சியில் டாப் ஸ்டேஷன். பெயர்தான் ஸ்டேஷன், இன்று அங்கே ரயில் கிடையாது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக அங்கே ஒரு சிறு ரயில் ஓடிற்று. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாக ஆரம்பித்து, 1908இல் குறுகிய பாதை ரயிலானது. ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கியபடி, ஐந்து கிலோமீட்டர் ஆகாயமாகவே கோட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து வண்டி கட்டிப் போடிக்கு, பிறகு துறைமுகம், பிறகு இங்கிலாந்து. 1924 வெள்ளத்தில், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்னும் சொல்கிற அந்தப் பிரளயத்தில், ரயில் அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போடவேயில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்கள் பார்த்த முதல் ஆகாயப் போக்குவரத்து அந்தத் தேயிலைப் பெட்டிகள்தாம். தலைக்கு மேலே, மரங்களுக்கு மேலே, ஒன்றன்பின் ஒன்றாக, ஆளில்லாமல் வந்த பெட்டிகள். கீழே விறகு பொறுக்கியவர்களும் வண்டிக்காரர்களும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அந்த ரயிலின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன; கணக்குகள் இருக்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் எழுதிய ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை. வேடிக்கை பார்க்கும் இலக்கியத்தில் யார் பார்வை அச்சேறுகிறது, யார் பார்வை காற்றோடு போகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றும் அதே மலைச் சரிவில் ஒரு புறப்பாடு நடக்கிறது. இருட்டுப் பிரியுமுன் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறுகின்றன. உள்ளே பெரும்பாலும் பெண்கள்; மடியில் தூக்குவாளி. கொண்டை ஊசி வளைவுகளில் விளக்குகள் திரும்பித் திரும்பி மேலே போவதை அடிவாரத்திலிருந்து பார்த்தால் இறங்குவதற்கு வரிசையில் காத்திருக்கும் விமானங்களின் ஞாபகம் வரும். அழகாகவே இருக்கும். பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் ஏலச் செடியின் காய் தூரில், தரையோடு தரையாக இருக்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். பொழுது சாயும்போது அதே ஜீப் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். காயைப் புகைக் கூடத்தில் உலர்த்தி, சலித்து, பருமன் பார்த்துப் பிரித்து, மூட்டையாக்கினால், போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்துக்கு வரும். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போயிற்று. இரண்டு மூன்று வருஷங்களில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. காய் எடுத்தவளின் கூலி அந்த ஏற்றத்தில் அப்படி ஏறவுமில்லை.

ஏலக்காய் பெரும்பாலும் எங்கே போகிறது? உள்நாட்டுக்குப் போனது போக, அரபு தேசங்களுக்கு. அங்கே விருந்தாளி வந்தால் சிறு கிண்ணத்தில் காவா கொடுப்பார்கள். ஏலக்காய் தட்டிப் போட்ட காப்பி. வளைகுடா விமான நிலையத்து ஹோட்டலில் நம் வேடிக்கைக்காரர் இறங்கும்போதும் அந்தக் கிண்ணம் நீட்டப்படலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் ஜன்னலுக்குப் போகிறார். கிண்ணத்தில் இருப்பது குவாடமாலா தேசத்து ஏலமாகவும் இருக்கலாம். உலகத்தில் அதிகம் விளைவிப்பது அவர்கள்தாம். எங்கள் சரிவில் குந்தி உட்கார்ந்து எடுத்த காயாகவும் இருக்கலாம். அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் எழுத்தாளனாக இருந்தால், 'இது எங்கிருந்து வந்தது?' என்று ஒரு கணம் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியில் ஒன்று விலகிவிடும்.

இதை வாசகர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுகமாக உட்கார்ந்து விமானம் பார்க்கிறவன் கூலிக்காரியை நினைத்துக் கண்ணீர் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இலக்கியத்தில் அந்தக் கண்ணீரைவிட மலிவான சரக்கு வேறில்லை. அப்படி எழுதியவற்றையும் நிறையப் படித்துக் களைத்திருக்கிறோம். எக்சுபெரி யாருக்காகவும் அழவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தபால் பையில் என்ன இருக்கிறது, விமானியின் வீட்டில் மேஜை மீது என்ன பரிமாறி வைத்திருக்கிறது, எத்தனை மணிக்கு எண்ணெய் தீரும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தவன் பார்வைக்குத் தானாகவே கனம் வந்துவிடுகிறது. தெரியாதவன் அந்தக் கனத்தை அடைமொழிகளால் உண்டாக்கப் பார்க்கிறான்.

தமிழில் இப்படி ஒரு நாவல் வருவதற்கு வேண்டிய சரக்கு நம்மைச் சுற்றி இறைந்து கிடக்கிறது. திருச்சியிலும் மதுரையிலும் மீனம்பாக்கத்திலும், ஒருவனை வளைகுடாவுக்கு அனுப்ப ஒரு வேன் நிறையக் குடும்பம் வந்து இறங்குகிறது. டிக்கெட் இல்லாதவர்களைக் காவலர்கள் உள்ளே விடுவதில்லை. ஆகவே வழியனுப்ப வந்தவர்கள் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் வரிசையில் நகர்வதைப் பார்க்கிறார்கள். அவன் மறைந்த பிறகும் நிற்கிறார்கள். ஏதோ ஒரு விமானம் எழும்புகிறது. அதுதான் அவனுடையது என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். அது அவனுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பார்வையை ஓடுதளத்தைப் பார்த்த எந்த அறையிலிருந்தும் பார்க்க முடியாது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022இல் அறிவித்தார்கள். ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் வீட்டையும் வயலையும் ஏரியையும் விட மாட்டோம் என்று இரவுதோறும் கூடிப் போராட்டம் தொடங்கினார்கள். விமானம் வேண்டாம் என்பதோ வேண்டும் என்பதோ விமரிசகன் சொல்ல வேண்டிய தீர்ப்பில்லை. ஆனால் நாளைக்கு ஓடுதளத்தைப் பார்த்த அறை என்று ஒன்று எங்கே எழுந்தாலும், அந்த ஜன்னலில் தெரியும் நிலத்தில் நேற்று யார் நாற்று நட்டார்கள் என்பது, அங்கே உட்கார்ந்து எழுதப் போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமானத்தின் பெயரும் இயந்திரத்தின் எண்ணும் கம்பெனியின் நிறமும் தெரிந்து வைத்திருக்கிற இந்த ரசிகர்களுக்கு இது ஒன்றும் அதிகப்படியான பாடமில்லை. கூர்ந்து பார்க்கும் குணம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கூர்மையை விமானத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும்.

என் வியாபாரி நண்பருக்கு இப்போது பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பார்ப்பதற்கும் அறை எடுக்கலாம், தப்பில்லை. காலையில் அறையைக் காலி செய்யும்போது, இரவு முழுவதும் என்ன பார்த்தாய் என்று ஒருவர் கேட்டால், விமானத்தைத் தவிர இன்னும் ஒன்றையாவது சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் தமிழில் எழுத வேண்டும். எங்கள் ஊருக்குத்தான் இப்போது ரயில் வருகிறதே. புத்தகம் வந்தால் மதுரைக்குப் போய் வாங்கிவருவதில் எனக்குச் சிரமம் இல்லை.